ஒன்று கூட

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பது.
புதுவயல் முழுக்க அவித்த நெல் வாசனை.
மில் புகைபோக்கிக்கு இந்தப் பக்கம், ஆறாம் வகுப்பு பி பிரிவில்,
முப்பத்தோரு பேரின் போன வாரத்தை நான் திறக்கிறேன்.

பச்சை என்றால் அறுபது நிமிடத்துக்கு மேல்.
மஞ்சள் என்றால் ஏதோ தொட்டிருக்கிறார்கள்.
சிவப்பு என்றால் மதியத்துக்குள்
வட்டார வள மையத்திலிருந்து எனக்கு போன் வரும்.

கணக்கு விளையாட்டு.
சரியாகச் சொன்னால் கரடிக்குட்டி
துடுப்பை ஒரு இழுப்பு இழுக்கும்.
தப்பென்றால் தலைகீழாக, தொப்பென்று,
குளத்தில்.

வைரவன் இருபத்திரண்டு நிமிடம்.
பெனாசிர் எழுபது,
அதில் பாதி அவள் அண்ணன் போட்டது,
பதில் வரும் வேகமே காட்டிக்கொடுக்கிறது.
ஜெனிஷா ஞாயிறு இரவு பத்தே முக்காலுக்கு உட்கார்ந்து
வாரத்தை ஒரே மூச்சில் விழுங்கியிருக்கிறாள்.
(பாடக்குறிப்பை நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.)

சேவுகமூர்த்தி
இருநூற்றுப் பதினான்கு நிமிடம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்வி.
ஒன்றுகூடச் சரியில்லை.

பச்சைக் கட்டத்துக்கு நடுவே
கொழுத்த பூஜ்யம்.

எல்லோர் முன்பும் கேட்டேன்,
"விரலால தட்டினா போதுமாடா,
மூளையால தட்ட வேண்டாமா?"
வகுப்பு சிரித்தது.
அவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான், மூடினான்,
திறந்தான்.

மதியம் கரண்ட் போனது.
மின்விசிறி நின்ற அமைதியில், வேறு வேலை இல்லாமல்,
அவன் பதில்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு போனேன்.

ஏழெட்டு ஐம்பத்தேழு.
ஆறொன்பது ஐம்பத்தைந்து.
ஒன்பதொன்பது எண்பத்திரண்டு.
பதின்மூன்றை ஏழால் பெருக்கினால் தொண்ணூற்றிரண்டு.

விரல் நின்றுவிட்டது.
மேலே போனேன். மறுபடி கீழே வந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டிலும்
ஒன்று கூட.
ஒன்றே ஒன்று கூட.

குடிதண்ணீர்க் குழாயடியில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.
"கரடி விழுந்தா கொப்பு சிரிக்கும் டீச்சர்."
கொப்பு?
"தங்கச்சி. கொப்புடைநாயகி. ரெண்டரை வயசு.
அம்மா மில்லுல நைட் ஷிப்ட்.
தூங்குற வரைக்கும் அழுவா."

சரிடா,
வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாமே,
எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றைக் கூட்டுகிறாய்?

ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு,
இதுகூடத் தெரியாதா என்கிற பார்வையில்,
"கண்டபடி சொன்னா
தப்பித்தவறி சரியாயிடும் டீச்சர்."

வகுப்பின் முன்னால் கேலி செய்தவள்
வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.
அதற்கொரு கட்டம் இருந்தால்
என் வாரம் சிவப்பு.

படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
இணையம் இல்லை. கைபேசி இல்லை. ஆர்வம் இல்லை.
பிற.
பிறவைத் தொட்டேன்.
இருபது எழுத்துக்குள் எழுதச் சொன்னது.
கொப்புடைநாயகியை எழுதி
மீதி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தேன்.
"பெருக்கல் நன்று" என்று அனுப்பினேன்.
போன் வந்தது.
சிக்னல் சரியில்லை என்றேன்.

அன்றிரவு வீட்டில், மாவாட்டி முடித்த கையோடு,
சோதனை மாணவர் என்ற பெயரில் உள்ளே போனேன்.
ஏழெட்டு?
ஐம்பத்தேழு என்றேன்.
விழுந்தது.
எழுந்து காதைக் குலுக்கித் தண்ணீர் உதறுகிறது அந்தச் சனியன்,
இரண்டு வருடமாகக் கண்காணிக்கிறேன்,
இதைப் பார்த்ததே இல்லை.
இன்னும் நாலு முறை தள்ளிவிட்டேன்.

அடுத்த திங்கள். எட்டு ஐம்பது. நெல் வாசனை.
சேவுகமூர்த்தி, நூற்றித் தொண்ணூறு நிமிடம்.
தப்பு, தப்பு, தப்பு, தப்பு,
ஒன்று கூட, ஒன்று கூட,
வியாழன் இரவு ஒன்பது ஐம்பத்திரண்டு வரைக்கும்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு கேள்வி.
ஒவ்வொன்றும் மூன்று நொடி.
பன்னிரண்டும் சரி.

தூங்கியிருப்பாள்.
சத்தத்தைக் குறைத்துவிட்டு
அக்கரை வரை
துடுப்புப் போட்டிருக்கிறான்.