வகை: சாலை

மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலில் வந்து
ஒயிட்ஃபீல்டில் ஏழாம் மாடியில் உட்கார்ந்து
ஓட்டுநர் இல்லாத கார் ஒன்றுக்கு
உலகத்தைச் சொல்லித் தருகிறேன்.
பெட்டி வரை. பெயர் இடு. அடுத்தது.
படத்துக்கு நாற்பது வினாடி.

மொத்தம் பதினான்கு வகை.
மாடு, விலங்கு.
விளம்பரத் தட்டியில் சிரிப்பவள் மனிதர் அல்ல, பலகை.
கடைக் கண்ணாடிக்குள் நடப்பவரை விட்டுவிட வேண்டும்.
நிழல்களைத் தொடாதே என்கிறது
விதிமுறையின் ஒன்பதாம் பக்கம், தடித்த எழுத்தில்.
மாயையைப் பற்றி இவ்வளவு தெளிவாக
எனக்கு யாரும் சொன்னதில்லை.

பள்ளியில் இரண்டே திணை.
அதிலேயே குழந்தை அழுதது, சாமி வந்தார்.
அப்பாவை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தபோது
'பாடி வந்துடுச்சு' என்றார்கள்.
விகுதி எந்த நிமிடத்தில் மாறியதென்று
யாரும் குறித்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் படம்.
கே.ஆர்.புரம் பாலம் தாண்டிச் சாலையோரம்,
காலை ஐந்து பத்து.
நீலத் தார்ப்பாய். முகமில்லை, காலில்லை, ஒரு மேடு.
மனிதர் என்று போட்டேன்.
ருத்ரேஷ் திருப்பி அனுப்பினான்:
அறுபது சதவீதம் உறுதி இல்லையென்றால் பொருள்.
நீ எத்தனை?

தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு செங்கல் இருந்தது,
உள்ளிருந்து கை நீட்டி வைத்த மாதிரி.
சிமெண்ட் மூட்டைக்கும் அப்படித்தான் வைப்பார்கள் என்றான்.
கெட்டவன் இல்லை.
அவன் தலைக்கு மேலும் ஒரு சதவீதம் தொங்குகிறது.
பொருள் என்றால் எங்கள் மொழியில் அர்த்தமும்தான்;
அதை அவனுக்குக் கன்னடத்தில் எப்படிச் சொல்ல?
மாற்றிவிட்டேன்.

நூற்றுச் சொச்சம் படங்கள் கழித்து
அதே கார், அதே இடம், ஐந்து ஐம்பது.
நடுவில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கிறது.
தார் கறுத்து மின்னுகிறது.
தார்ப்பாய் இல்லை.
செங்கல் இருக்கிறது.
அதன் பக்கத்தில்
ஒருக்களித்து முழங்கால் மடக்கிய அளவுக்கு
நனையாத இடம்.

பதினான்கிலும் தேடினேன்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு.
சாலை என்று போட்டேன்.
இந்த முறை ருத்ரேஷ் கேள்வி கேட்கவில்லை.
பச்சைக் குறி விழுந்தது.

சாயங்கால ரயிலில்
பங்காருப்பேட்டை தாண்டும் வரை
ஒரே வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்,
வினைக்கு வால் கிடைக்காமல்:
அங்கே படுத்திருந்த