கம்பி தெரியும் பதிப்பு

வெருலம் சந்தையில், ஒற்றைச் செருப்புகளுக்கும்
மிக்ஸி மூடிகளுக்கும் நடுவில்
பத்து ராண்டுக்கு மூன்று எனக் குவித்திருந்தார்கள்.
மழை இறங்கப்போகிற ஞாயிறு.
குனிந்தவன் நிமிர ஒரு மணி நேரம் ஆனது.

உறையின் முதுகில் வாடகைக் கடை ஒட்டுத்தாள்:
'இரண்டு இரவு மட்டும். தாமதித்தால் அபராதம்.'
கடை மூடிப் பதினாறு வருடம்.
யாரோ ஒருவர் இன்னும் தாமதித்துக்கொண்டிருக்கிறார்.

வட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்.
நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் சாது.
வட்டத்தோடு வளைந்து போகும் கீறல்தான் எமன்.
இதை லோஷினியிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்;
நூறு முறையும், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்,
'ஓ' என்பாள்.

படம் இதுதான்:
வியாழனின் பன்னிரண்டாம் நிலவில் ஒரு ராணி.
அவளைத் தூக்கிப் போகிற பல்லி மனிதர்கள்.
தலைமைப் பல்லிக்கு முதுகில் ஜிப்;
அதைக் காட்டக் கூடாதென்று
படம் முழுக்கச் சுவரோடு சுவராக நகர்வான்.
மீட்க வரும் ராக்கெட்
பவுடர் டின் உயரம். வாலில் மத்தாப்பு.
காற்றே இல்லாத வெளியில்
புகை மட்டும் சமையலறைப் புகைபோல மேலே போகும்.
நாற்பத்தோராம் நிமிடம் ராக்கெட் சாயும்.
அங்கே நிறுத்துங்கள்.
அதன் தலைக்கு மேல் மயிரிழையாய் ஒரு கம்பி மின்னும்.

அந்தக் கம்பிமேல்தான் எனக்குப் பைத்தியம்.

லுங்கானி சிரிப்பான். டர்பன் துறைமுகத்தில்
தரையில் நின்று கையசைப்பவன் அவன்;
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் நான்.
கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி
லாரிமேல் வைப்பது என் பிழைப்பு.
என் பெட்டி முப்பது டன். ஆட்டம் அதேதான்.
காற்றடிக்கிற நாளில்
கம்பியின் இந்த முனையில் இருப்பவனுக்கு உள்ளங்கை வேர்க்கும்.
அந்த ஸ்டூடியோவில் ஏணிமேல் நின்றவனுக்கும் வேர்த்திருக்கும்.
பெயர்ப் பட்டியலில் அவன் இல்லை.
மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

போன மாதம் லுங்கானி புதுப்பதிப்பு வரவழைத்தான்.
தகரப் பெட்டி, உள்ளே புத்தகம், விலை ஒரு வாரச் சம்பளம்.
முதலில் ஓடவே இல்லை.
உலகத்தை ஆறு மண்டலமாக வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள்:
எங்களுக்கு இரண்டு, சென்னைக்கு ஐந்து,
இது ஒன்று.
ரிமோட்டில் ரகசிய எண் அடித்துத் திறந்தேன்.
எண்ணைக் கேட்காதீர்கள்.

அப்பப்பா, என்ன நிறம்! ராணியின் கிரீடத்தில்
ஒவ்வொரு சோடா மூடியும் தனித்தனியாக.
கண் கலங்கியது, மறைக்கவில்லை.
முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.
ராக்கெட் சாய்ந்தது.
மேலே கழுவிவிட்ட இருட்டு.
யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்திருந்தார்கள்.
'இப்போதான் நிஜமாப் பறக்குது' என்றான் லுங்கானி.
எனக்கோ அது
யாரும் தாங்காமல் நடுவானில் நிற்கும் பெட்டி.
வயிற்றைப் புரட்டியது.

சந்தை வட்டைப் போட்டேன்.
'பாரு, இப்போ பாரு' என்று டிவியில் விரலை வைத்த நொடி
கரண்ட் போயிற்று. நான்காம் நிலை மின்வெட்டு,
இனி இரண்டரை மணி நேரம்.
உள்ளே வட்டு சுழன்று சுழன்று
மனமில்லாமல் அடங்கும் ஓசை.
இருட்டில் லோஷினியின் குரல்:
'அந்தப் பல்லியோட ஜிப்பு? அதையும் துடைச்சுட்டாங்களா?'
இல்லை, இருக்கு, என்றேன்.
'அப்போ சரி.'

திங்கள் காலை கடலிலிருந்து மூடுபனி.
கீழே லாரி தெரியவில்லை;
லுங்கானியின் மஞ்சள் சட்டை மட்டும், அதுவும் விட்டுவிட்டு.
பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன்.
ரேடியோ கரகரத்தது:
'ராக்கெட் தெரியுது. இன்னும் கொஞ்சம் இடது.'
பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு,
'கம்பியும் தெரியுது, மூட்லி.'