ஏழாம் சான்றாவணம்

புரோபேட் என்றார் வக்கீல் பியூலா.
பொறுப்பேடு என்று விழுந்தது என் காதில்.
எட்டு சென்ட் புரயிடம், ஓடு போட்ட இரண்டு முறி,
பால் வற்றிய பதினோரு மூடு ரப்பர்.
இதற்கு ஒரு பொறுப்பேடா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. அம்மையின் உயிலை விரித்து
கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.
"சாட்சி ரெண்டு பேரும் எங்க?"

உபதேசியார் மோசஸ், சபைக் கல்லறையில் மூன்றாம் வரிசை.
வேலாயுதன் பிள்ளை, அவர் பறம்பிலேயே,
தென்னங்கன்று நட்ட இடத்தில்.

செத்தவர்கள் கூண்டில் ஏற முடியாது.
அவர்கள் எழுத்து ஏறலாமாம்.
உபதேசியார் எழுதியதெல்லாம் சபை ரெஜிஸ்டரோடு
வெள்ளத்தில் போயிற்று.
பிள்ளை ஒப்பிட்டிருந்தது மலையாளத்தில்,
ராஜா காலத்துப் பள்ளிக்கூடத்துச் சுழிகள்.
ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது
அவர் கை மட்டும் சேரவில்லை.

அருமனையில் அந்தப் பலசரக்குக் கடை
இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை.
மகன் கோபன் பரணில் ஏறி
எலி கரம்பிய பற்று நோட்டை எடுத்துத் தந்தான்.
"எனக்கு இந்த எழுத்து வாசிக்க வராதுக்கா."
எனக்கும் வராது.
ஆனால் அடிக்கப்படாத தொகை
எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்:
நூற்று நாற்பத்தாறு ரூபாய் இருபது பைசா.

பிறகு குழித்துறைக்கு பஸ், பஸ், பஸ்.
மஸ்கட்டில் தம்பிக்குப் போன நோட்டீஸ்
ஆள் இல்லையென்று திரும்பி வந்தது.
"எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீ எழுதிக்கோ" என்றான் போனில்.
போனில் சொன்னது எழுத்தாகாது.
ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம் என்று
பேப்பரில் நான்கு வரி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அம்மையின் பெயர் அச்சில் வந்தது அன்றைக்குத்தான்,
முன்னால் 'காலஞ்சென்ற' என்ற பட்டத்தோடு.
யாரும் வரவில்லை.
யாராவது வந்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

ஆடி மழையில் அழைத்தார்கள்.
மூன்று தடவை கூவினார் டவாலி.
கோபன் கூண்டில் ஏறி, இது அச்சன் எழுத்து என்றான்.
களியக்காவிளையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார்
பக்கத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.
பச்சரிசி ரெண்டு கிலோ.
மண்ணெண்ணெய் அரை லிட்டர்.
மறுபடி அரிசி. சுக்கு. பென்சில் ஒன்று.
அந்தப் பென்சில் எனக்கு. ஆறாம் கிளாஸ்.
கறுப்புக் கோட்டுகள் நிறைந்த முறியில்
எந்த மாசம் நாங்கள் எதைக் கடன் சொல்லித் தின்றோம் என்று
டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஓரத்துல வேற மையில ஒரு வார்த்தை இருக்கு ஐயா.
சோதிக்கண்டா."
"தமிழில் சொல்லும்."
"கேட்க வேண்டாம்."
"எதை?"
"இந்தக் கடனைத்தான் ஐயா."
அதையும் தட்டினாள்.

அந்தக் கடைக்கு முன்னால் நடக்காமல்
கால்வாய்க் கரை சுற்றி
சந்தைக்குப் போய்வந்தவள் அம்மை,
பத்திருபது வருஷம்.
உயில் எழுதிய அன்று உபதேசியார்தான்
பிள்ளையைக் கூட்டி வந்தார்.
அவள் தலை நிமிராமல் கட்டன்சாயா நீட்டினாள்.
அவர் நின்றபடியே குடித்து, ஒப்பிட்டு,
குடையை விரித்துக்கொண்டு போனார்.
ஒரு வார்த்தை.
ஒருவருமே சொல்லவில்லை.

முத்திரை வைத்த உத்தரவு கைக்கு வந்த மறுநாள்
நூற்றைம்பது ரூபாயோடு கோபனிடம் போனேன்.
"நோட்டு கோர்ட்டுல கெடக்குக்கா,
நான் எதுல வரவு வைக்க?"
ரூபாயைத் திருப்பிப் பார்த்தான். என்னையும்.
"நூத்தி நாப்பத்தொம்பதுக்கு ஒரு பிளான் இருக்கு.
போடட்டா?
இருபது நாள் பேசலாம்."