பெயருக்குப் பின்னால்

ரூவியில் வியாழன் இரவு. சம்பளம் ஏறிய நாள்.
கீழே பணம் அனுப்பும் கடையில்
நீலச் சட்டைகள் படிக்கட்டுவரை நிற்கின்றன.
மூன்றாம் மாடியில்
ஒரு ஃப்ளோ இன்னொரு ஃப்ளோவைக் கூப்பிடுகிறது.
பத்து விநாடி காத்திருக்கிறது.
பிறகு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று
சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டு ஓய்கிறது.

கூப்பிடுவது மேகத்தில் இருக்கிறது. எந்த நாட்டு மேகமென்று
ஒப்பந்தம் எழுதியவருக்கே தெரியாது.
கூப்பிடப்படுவது நிலத்தடி அறையில்,
ஏசி சொட்டுக்கு வாளி வைத்த ரேக்கில்,
கணக்குப் பேரேட்டின் பக்கத்தில்.
வெளியிலிருந்து அதன் கதவை யாரும் தட்ட முடியாது.
ஒரு போர்ட்கூடத் திறக்கமாட்டேன் என்று
ஃபயர்வால் பார்க்கும் ஹமூத் அல் சியாபி
போன ரமலானிலேயே சொல்லிவிட்டான்.

அதனால்தான் நடுவில் ஒரு ஸ்விட்ச்.
இரு வீட்டாரும் படியிறங்கி வந்து
தெருவில் நின்று பேசிக்கொள்கிற ஏற்பாடு.
யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை.
முகவரி கேட்பதில்லை. பெயர் போதும்.
பெயர் மட்டும் போதும் என்பது
எவ்வளவு பெரிய நிபந்தனை என்று
இரவு பத்தரைக்குத்தான் உறைக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே ஏஜென்ட் கோப்பு வேண்டும். இருக்கிறது.
சான்றிதழ்? இன்னும் நாற்பது நாள் ஆயுள்.
ஸ்விட்ச் உயிரோடுதான் இருக்கிறது,
இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு.
வகார் நான்காம் முறையாகச் சொல்கிறான்:
"ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்."
எங்கள் தொழிலில் அது விபூதி மாதிரி.
யார் நீட்டினாலும் வேண்டாமென்று சொல்ல முடியாது.
பூசிக்கொண்டேன்.

கீழே போய் ஒரு கரக் வாங்கினேன்.
வரிசையில் ஒருவர் கைப்பேசியில்
"ஆயிரும்மா, இப்ப ஆயிரும், மிசின்தான் நிக்குது" என்றார்.
என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்.
அந்த மிசின் தேநீர்க் குவளையோடு
பக்கத்தில் நிற்பது
அவருக்குத் தெரிய நியாயமில்லை.
நாக்கு சுட்டது.

மேலே வந்து, கண்ணை நம்பாமல்,
கூப்பிடும் பெயரின் எழுத்துகளை எண்ணினேன்: பதினொன்று.
பதிவான பெயரை எண்ணினேன்: பன்னிரண்டு.
பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.
கர்சரை வாலுக்கு நகர்த்தினால்
கடைசி எழுத்தைத் தாண்டி
இன்னும் ஓர் அடி வைக்கிறது.
யாரோ காப்பி எடுத்து ஒட்டும்போது
கூடவே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம்.
நமக்கு அது ஒன்றுமில்லை.
அதற்கு அது ஓர் எழுத்து.

ஒரே ஒரு பேக்ஸ்பேஸ்.
மறுபடி கட்டி, ஏற்றி,
சோதனைக்கு ஒரு ரியால் அனுப்பினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு மில்லிவிநாடியில் பதில் வந்தது.
அதற்குப் பின்னால், ஏழு மணியிலிருந்து தேங்கிக் கிடந்த
மூவாயிரத்துச் சொச்சம் பேரின் பணம்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயிற்று.
"சொன்னேனே, ரீஸ்டார்ட்" என்றான் வகார்.
இருக்கட்டும்.

ஒரு மணிக்கு இறங்கினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
காவலாளி வருகைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு
"மிஸ்டர் குருவய்யா!" என்று கூப்பிட்டார்.

அங்கயற்கண்ணி இங்கே யார் வாயிலும் நுழைவதில்லை.
குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று
கடவுச்சீட்டு வாங்கும்போது
அதில் அப்பாவை எழுதியிருந்தேன்.
விசாவில் அவர்தான். கதவைத் திறக்கும் அட்டையில் அவர்தான்.
செத்து ஆறு வருடமாகிறது.
உயிரோடு இருந்தபோது
கோவில்பட்டிக்குத் தெற்கே போனதில்லை.

கூப்பிட்ட அரை விநாடிக்குள்
திரும்பிவிட்டேன்.