லேபிள் எந்திரம் நின்ற இரவு

இரண்டே முக்காலுக்கு எந்திரம் நின்றது.
முதலில் ஒரு விக்கல்,
பிறகு ரப்பர் கருகும் வாடை.
வெளியே ராட்டர்டாம் துறைமுகத்தில்
மார்ச் மாத மழை, பக்கவாட்டில்.
ஐந்து மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும்.
எண்ணூற்று அறுபது பெட்டிகள்.
ஒன்றிலும் பெயரில்லை.

பெயரில்லாத சரக்கு
என் ஷிப்டில் வெளியே போனதில்லை,
பதினெட்டு வருடமாக.
தடித்த மார்க்கர் பேனாக்களை
மேசைமேல் கொட்டினேன்.
எழுதுங்கள்.
என்ன பழம், எத்தனை கிலோ, அவ்வளவுதான்.

எந்த மொழியில் என்று
சொல்ல விட்டுப்போயிற்று.

நான் எழுதியது சினாஸ்ஆப்பல்.
சீனத்து ஆப்பிள்.
பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறேன்,
பழத்தை உரித்திருக்கிறேனே தவிர
சொல்லை உரித்துப் பார்த்ததில்லை.
லாரிக்காரன் குவான் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
அவன் ஊர் குவாங்டாங்.
அங்கே இதில் சீனாவும் இல்லை, ஆப்பிளும் இல்லை.
ச்சாங்.
வாய் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடுகிறது.
என் பேனாவைப் பிடுங்கி அட்டையில் வரைந்தான்:
இடப்பக்கம் ஒரு மரம்,
வலப்பக்கம் 'ஏறு'.
ஏறினால்தானே பறிக்கலாம் என்றேன்.
அது வெறும் ஓசைக்கு வைத்தது என்றான்.
பிறகு, உன் விளக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

ருமியானா ப்ளோவ்டிவ்காரி.
வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வராது.
போர்த்தோகால். போர்த்தோகால். போர்த்தோகால்.
அடுத்த வரிசையில் டெயோலிண்டா நிமிர்ந்தாள்:
"என் நாட்டை எதற்குக் கூப்பிடுகிறாய்?"

ருமியானாவுக்குத் தெரியாது,
பால்குடி மறந்த நாள் முதல் தான்
ஒரு தேசத்தைச்
சுளை சுளையாகப் பிரித்துத் தின்றுகொண்டிருப்பது.

வேலை நின்றது. நான் அதட்டவில்லை.
பெட்டியின் விளிம்பில் அச்சடித்திருந்த அரபியை
பூசெல்ஹாம் விரல்வைத்துப் படித்தான்:
புர்துகால்.
எகிப்தில் காய்த்தது,
நைல் கொண்டுவந்த வண்டலில் இனித்தது,
லிஸ்பனைக் கனவிலும் காணாதது,
பிறந்த வீட்டிலேயே அதைப்
போர்ச்சுகல் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.
உங்கள் மொராக்கோவில்?
"எங்கள் வீட்டில் லெட்சின்."
அதற்குள்ளும் சீனா உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் டெயோலிண்டாவைப் பார்த்தோம்,
தோட்டத்துச் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல.
"லராஞ்ஜா" என்றாள் அவள், கொஞ்சம் கூச்சத்தோடு.
"எங்களுடையது இல்லை. அரபிகள் விட்டுப்போனது.
'ந'வில் தொடங்கிய சொல்லாம்,
எங்கள் நாக்கில் 'ல' ஆகிவிட்டது."
பூசெல்ஹாம் கையை விரித்தான்:
"நாங்களும் பாரசீகத்தாரிடம் வாங்கியதுதான்."
அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?
மழை தகரத்தில் அடித்தது.
"இன்னும் கிழக்கே," என்றான் குவான்,
"ஆனால் எங்கள் ஊர்வரை இல்லை."
நடுவில் எங்கோ, வெயில் அதிகமுள்ள ஓர் இடம்.
அதற்குமேல் அந்த ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தே காலுக்கு லாரி கிளம்பியது,
க்ரோனிங்கனுக்கு,
ஐந்து கையெழுத்தில், நான்கு லிபியில்
ஒரே பழம்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.
அதில் அவள் பெயர் லிண்டா.
கூப்பிட எளிது என்று ஏஜென்சியில் யாரோ கத்தரித்தது.
மூன்று வருடம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.
முன்னால் விட்டுப்போனதை எழுதப் போனேன்.
மார்க்கரில் மை தீர்ந்திருந்தது,
'டெ' மட்டும் மங்கலாக விழுந்தது.

நான்கு நாள் கழித்து ஒரே ஒரு புகார்:
இரண்டு பெட்டிகளில் எடை குறைவு.
பெயரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

எடை குறைந்ததற்கு நாங்கள்தான் காரணம்.
விடியும்போது மேசையில் தோல் குவியல்.
எனக்கு வந்தது புளிப்பு.
வீட்டுக்கு நடக்கையில் பார்த்தேன்,
நகக்கண்ணில்
கழுவியும் போகாமல்
ஒரு வெள்ளை நார்.