அறுபதில் ஒரு பட்டை

முப்பத்தேழு டிகிரியில் மூன்று முறை தோற்றோம்.
சுழற்றி எடுத்த குழாயின் அடியில்
சுண்ணாம்புபோல் ஒரு வெள்ளைக் கட்டி:
மடியத் தெரியாத புரதங்கள்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு செத்த இடம்.

"குளிர்ல வச்சுப் பாரு. துணைக்கு
சாப்பரோன் ஜீனையும் சேர்த்து விடு" என்றாள் ரெஜினா.
பதினாறு டிகிரி.
குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே, மார்கழியில்
அதற்கு எந்திரம்கூட வேண்டாம்,
ஜன்னலைப் பாதி திறந்தால் போதும்.

இரவு முழுக்கக் குடுவைகள் ஆடின.
கீழே தேயிலைக்குள் காட்டெருமை மூச்சுவிடும் சத்தம்.
வாட்ச்மேன் போஜன் டார்ச்சை அதன்மேல் அடிக்கவில்லை,
பக்கத்துப் பாதையில் அடித்தார்.
அது நின்று, யோசித்து, தன்பாட்டுக்குப் போயிற்று.

நான் கலங்கிய குடுவையைப் பார்த்தபடி
பார்க்க முடியாததை நினைத்துக்கொண்டிருந்தேன்.
ரைபோசோமின் குகைவாயில்
சங்கிலியின் நுனி எட்டிப்பார்க்கிறது.
பாதி இன்னும் உள்ளே.
தண்ணீருக்குப் பயந்த இடங்களெல்லாம் வெளியே தெரிய,
தொட்டதில் ஒட்டிக்கொள்ளும் வயசு.
வாசலிலேயே காத்திருக்கிறாள் ஒருத்தி.
ஒட்டும் இடத்தைக் கையால் பொத்திக்கொள்கிறாள், அவ்வளவுதான்.
இப்படி மடி, அப்படி மடி என்பதில்லை.
அவளுக்கே தெரியாது.
சங்கிலியின் எழுத்து வரிசைக்குத் தெரியும்,
அதுவும் யாரும் நெருக்காதவரை.

தவறினால் அடுத்த கதவு:
ஏழேழாய் அடுக்கிய வளையம், மேலே மூடி,
உள்ளே ஒருவருக்கு மட்டும் இடம்.
பத்து நொடித் தனிமை.
மூடி திறக்கும்.
ஆகவில்லையா, திரும்ப வா.
ஒவ்வொரு முறையும் ஏழு ஏடிபி செலவு.
பசியிலும் செல் அதற்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

காலையில் ஜெல்லை நீலத்தில் ஊறவைத்து அலசினேன்.
இருபத்தெட்டில் மெல்லியதாய் ஒரு பட்டை.
வந்துவிட்டது!
கரைந்து, மடிந்து, வேலைக்குத் தயாராய்.
ரெஜினா விசிலடித்தாள். ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தடை.

அப்புறம்தான் பார்த்தோம், அறுபதில் இன்னொன்று,
அதைவிடத் தடித்து.
பிடித்த கை இன்னும் விடவில்லை.

ஏடிபி கலந்த உப்புநீரை மெதுவாக இறக்கினேன்,
சொட்டு, சொட்டாக.
விட்டது.

ஒரு குழாய்க்குப் பெயரும் தேதியும் எழுதினேன்.
மற்றதைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிட்டு
நோட்டில், இந்தத் தொழிலில் எல்லாரும் எழுதும்
அதே சொல்லை எழுதினேன்:
அசுத்தம், நீக்கப்பட்டது.

இங்கே பனியில் மை காய நேரமாகும்.
நோட்டை மூடாமல் விட்டுவிட்டு
டீ குடிக்கப் போனோம்.