எதிர்பாராச் செலவு

மார்சபிட். ஜூலை, செவ்வாய்க்கிழமை.
மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து
ஒரே வானிலைச் சேதித் திட்டம்.
நான் அட்டவணை அடிப்பவன்.
நாற்பத்தோரு வரிகள்.
கடைசிக் கட்டத்துக் கூட்டுத்தொகை
காலையிலிருந்து என்னோடு முரண்டு பிடிக்கிறது.

நிதி தருபவர்களின் ஆள் நைரோபியிலிருந்து வந்திருந்தார்.
நல்லவர். தண்ணீர்ப் புட்டியைத் தானே கொண்டுவந்தவர்.
முப்பத்தெட்டாம் வரியில் விரல் வைத்தார்:
"எதிர்பாராச் செலவு, ஐந்து சதவீதம். இது எதற்கு?
வரப்போவதை முன்கூட்டிச் சொல்லத்தானே இவ்வளவு பணம்?"
அவர் சிரிக்கவில்லை.
ஆகவே நாங்களும் சிரிக்கவில்லை.
வரியை அழித்தேன்.
கூட்டுத்தொகை உடனே சரியாகிவிட்டது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மழைமானிகள் ஒன்பதாயின.
வழவழத் தாளில் கையேடு மட்டும் தப்பித்தது,
அட்டையில் எல்லோருடைய சின்னமும் இருந்ததால்.
மைக்கோனாவில் மழைமானி பார்க்கும் தூமேவுக்கு
மாதம் இரண்டாயிரம் ஷில்லிங் கேட்டிருந்தோம்.
தன்னார்வலர் என்று மாற்றச் சொன்னார்கள்.
ஒரே சொல்லில் இரண்டாயிரம் மிச்சம்.
பெய்யாத நாளிலும் அவள் நடந்துபோய்
பூஜ்யம் என்று எழுதிவிட்டு வருகிறாள்.
போன வருஷம் முந்நூற்று முப்பத்தாறு பூஜ்யங்கள்,
ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம்.

பிறகு ஒரு வாக்கியத்தில் அரைமணி நேரம் சிக்கினோம்:
'வழக்கத்தைவிடக் குறைவாகப் பெய்ய
அறுபது சதவீத வாய்ப்பு.'
போரானாவில் இதை எப்படிச் சொல்வது?
ஓட்டுநர் வாரியோ, டீ ஊற்றிக்கொண்டே,
"இப்படிப்பட்ட பத்து வருஷத்தில்
ஆறு வருஷம் வானம் ஏமாற்றும்" என்றார்.
வானிலையாளர் எலேமா நெற்றியைத் தேய்த்தார்.
"துல்லியம் இல்லை," என்றார்.
சற்றுப் பொறுத்து, "பொய்யும் இல்லை."

வானொலியில் காலை ஆறு மணி
நாம் தொட முடியாத விலை.
பிற்பகல் இரண்டு மணி மலிவு.
அந்நேரம் விழித்திருப்பவை ஈக்கள்.
சீக்கிரம் போகவென்று கதவருகே உட்கார்ந்திருந்த
அறிவிப்பாளர் கபாலே கை தூக்கினாள்:
"இரவு ஏழரைக்கு மரண அறிவித்தல் வாசிக்கிறேன்.
அப்போது யாரும் ரேடியோவை அணைப்பதில்லை.
கடைசிப் பெயருக்குப் பின் நான் ஒரு மூச்சு விடுவேன்.
அந்த இடத்தில் உங்கள் மழையைச் சொல்லட்டுமா?
காசு வேண்டாம்."

புட்டியின் மூடி திருகும் சத்தம் மட்டும் கேட்டது.
"இதை எந்த வரியில் காட்டுவது?" என்றார் நைரோபிக்காரர்.
முப்பத்தெட்டு காலியாக இருந்தது.
தொகை: பூஜ்யம்.
அதை அடிக்கையில் தூமேவை நினைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் முதல் ஒலிபரப்பு.
பேட்டரிக் கடை வாசலில் நின்று கேட்டேன்.
நான்கு பெயர்கள்,
அவரவர் ஊர், அப்பன் பெயர், அடக்கம் எங்கே.
மூச்சு.
பிறகு, பத்து வருஷத்தில் ஆறு வருஷம்.
பக்கத்தில் நின்றவர் தொப்பியைக் கழற்றியபடியே இருந்தார்.
"ஐந்தாவது யார்? எந்த வீட்டு ஆள்?"
மழை என்றேன்.
தொப்பியை மாட்டிக்கொண்டார்.
அப்படியானால் என் நாற்பது ஆட்டில்
எத்தனையை இந்தச் சந்தையிலேயே விற்கட்டும்,
விலை விழுவதற்குள், என்று கேட்டார்.

நாற்பத்தோரு வரிகளையும்
மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
அதற்குப் பதில் சொல்ல
நாங்கள் யாருக்கும்
பணம் ஒதுக்கியிருக்கவில்லை.